சூரமங்கலத்தில் இடித்த கேக்குப் பொடி

எனக்குக் கோவையாக எழுத வராது. நாலாவது வரை படித்ததுதான். முன்னே நடந்ததைப் பின்னேயும் பின்னே நடந்ததை முன்னேயும் எழுதிவிடுவேன்; சிலது மறந்தும் போகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ரங்கூனிலிருந்து யுத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தவர்களுக்கும், கப்பலே ஏறாமல் இங்கேயே இருந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

சூரமங்கலத்தில் எனக்கு இன்னும் பழகாத ஒன்று உண்டு. அடுப்பில் கடுகு வெடித்தால் போதும், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏனுங்க, இன்னிக்குக் கத்திரிக்காயிங்களா?" என்று குரல் வரும். பதில் சொல்லாவிட்டால் மனத்தாங்கல். ரங்கூனில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் கீழே சீனர், மேலே தெலுங்கர், எதிரே பர்மாக்காரர். ஒரே படிக்கட்டில் மீன் வாசனையும் சாம்பிராணியும் கலந்து ஏறும். யாரும் யாரையும் எதுவும் கேட்டதில்லை. புதுச்சத்திரத்தில் பிறந்து, கல்யாணமான கையோடு கப்பல் ஏறியவள் நான். பேசக் கூச்சப்படுகிறவளுக்கு அந்த ஊர் தோதாக இருந்தது.

என் வீட்டுக்காரர் அங்கே ஒரு ரொட்டிக் கடையில் அடுப்பு பார்த்தார். கடைக்கு வேண்டிய கேக்குப் பொடியை வீட்டில் நான்தான் இடித்துக் கொடுப்பேன். பட்டை அதிகம், அதில் பாதி சுக்கு, கிராம்பும் ஏலக்காயும் கொஞ்சம், ஜாதிபத்திரி இரண்டு இதழ். இரும்புச் சட்டியில் எண்ணெய் விடாமல் சூடு காட்ட வேண்டும், நிறம் மாற விடக்கூடாது. நம் மிளகாய்ப் பொடிக்கு வறுக்கிற மாதிரி வறுத்தால் கேக்கு கசக்கும். ஜாதிக்காயை இடித்தால் எண்ணெய் கக்கி உரலில் அப்பிக்கொள்ளும், அதனால் அதை மட்டும் தனியே சுரண்டிச் சேர்க்க வேண்டும். மல்துணியில் சலித்து, மூடி இறுகிய டப்பாவில் சில நாள் வைத்துவிட்டால் வாசனைகள் ஒன்றுக்குள் ஒன்று இறங்கிவிடும்.

அவர் காலமானார். பிறகு குண்டு விழுந்தது. மகன் என்னையும் மருமகள் சரசுவையும் கப்பலில் ஏற்றிவிட்டு, "பின்னாலேயே வந்துவிடுகிறேன்" என்று கரையில் நின்றான். அதற்குப் பின் அவனைப் பற்றித் தகவல் இல்லை. நான் சொல்லப்போவது இங்கே வந்தபின் இரண்டாவது மார்கழியில் நடந்தது. பாவாயம்மாள் வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு, நானும் சரசுவும் அவர்கள் தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கிறோம்.

அந்த மாதம் ரயில்வே குடியிருப்பில், ரயிலுக்குக் கொடி காட்டுகிற கார்டு ஒருவரின் வீட்டு அம்மாள், நான் ரங்கூன்காரி என்று கேள்விப்பட்டு, கிறிஸ்துமஸுக்குக் கேக்கு செய்து தரச் சொன்னாள். சீமையிலிருந்து வரும் பொடி டப்பா யுத்தத்தால் நின்றுபோயிற்றாம். கூடையில் மாவு, சர்க்கரை, முட்டை, திராட்சை, அதை ஊறவைக்கச் சின்ன பிராந்தி பாட்டில், எல்லாம் வைத்துக் கொடுத்தனுப்பினாள். அதே வாரம் சரசுவுக்குக் குளிர் காய்ச்சல். காதையும் தலையையும் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டாள். வாடைக் காற்று ஆகாதென்று கதவைச் சாத்தி வைத்தேன். அடிக்கடி வெந்நீர் போட்டேன். அப்படியே ஒருநாள் காலையில் சாமான்களைச் சூடு காட்டி இடித்தேன்.

இந்தத் தெருவில் அது என்ன வாசனை என்பதை நான் யோசிக்கவில்லை. ரங்கூனிலேயே பாதி ஆயுள் போய்விட்டதில், பிறந்த மண்ணின் பழக்கம் எனக்கு மறந்துவிட்டது. சுக்கும் கிராம்பும் ஜாதிக்காயும் சேர்ந்து சூடேறினால் இங்கே அதற்கு ஒரே அர்த்தம்தான். பிள்ளை பெற்றவளுக்கு மருந்து இடிக்கிறார்கள் என்பது.

உரலைக் கழுவி முடிக்கவில்லை, பாவாயம்மாள் வந்து நின்றாள். பின்னால் அடுத்த வீட்டு ராமாயி. பாவாயம்மாள் சாத்தின கதவைப் பார்த்தாள். வெந்நீர்த் தவலையைப் பார்த்தாள். கூடையில் முட்டையையும் பாட்டிலையும் பார்த்தாள்.

"ஏனுங்க, சரசு தண்ணிக்கு வந்து ஒரு வாரமாச்சே?"

"காய்ச்சல்" என்றேன்.

"காச்சலுக்கு எந்த ஊர்லீங்க சாதிக்கா இடிப்பாங்க? பிராந்தி எதுக்குங்க?"

"இது பலகாரத்துக்கு."

ராமாயி சிரித்தாள். "மருந்துல பலகாரஞ் சுடறாங்களாம். ரங்கூன்ல அப்படித்தானாட்ட இருக்குது."

பாவாயம்மாள் சிரிக்கவில்லை. கிட்டத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். "புருசன் கண்ணுல படாம ரண்டு வருசமாவப்போவுது. நான் ஊரையெல்லாங் கூட்டலீங்க. ஒண்ணு மட்டுஞ் சொல்லீருங்க. கொழந்த எங்கீங்க?"

உள்ளே சரசு கேட்டுக்கொண்டிருப்பாள் என்பது ஒன்றுதான் மனசில் நின்றது. நான் பேசாமல் நின்றதே அவர்களுக்குப் பதிலாகிவிட்டது.

"மருத்துவச்சியக் கூட்டியாரேன்" என்றாள் பாவாயம்மாள். "வயித்தத் தொட்டுப் பாத்துச் சொல்லட்டும். இல்லீன்னா எங்க ஊட்டுக்காரர் ஊட்டைக் காலி பண்ணச் சொல்லீருவாருங்க. நானும் ஒண்ணுஞ் சொல்ல முடியாது."

வீடு போனால் போகட்டும். இன்னொரு பின்கட்டு கிடைக்கும். ஒரு மருத்துவச்சி உள்ளே போய்ச் சரசுவின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு வந்தால், அவள் என்ன சொன்னாலும் சரசுவின் பேர் போனது போனதுதான். என் மகன் வந்து இறங்குகிற அன்றைக்கு ஸ்டேஷனிலேயே யாராவது அவன் காதில் போட்டுவிடுவார்கள். நான் வாசற்படியில் ஏறி, நிலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டேன்.

"யாரும் உள்ளே வர வேண்டாம்" என்றேன். "இது எதற்கு என்று நீங்களே உட்கார்ந்து பாருங்கள்."

அடுப்பை முற்றத்துக்குக் கொண்டுவந்து வைத்தேன். முட்டை என்றதும் ராமாயி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள், போகவில்லை. திராட்சை ஊறப் பொழுதில்லை. முட்டையை உடைக்கும்போது ஒன்று கை தவறி மண்ணில் விழுந்தது. எல்லோரும் பார்க்கப் பொடியை மாவில் கொட்டினேன். பித்தளைத் தவலையில் மணல் பரப்பி, அதன்மேல் மாவு ஊற்றிய தட்டை இறக்கி, மூடிமேல் கரியைப் போட்டேன். கரி கனிந்து வந்தது. கருகிவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது.

அப்போது கதவு திறந்தது. துணி கட்டின தலையோடு சரசு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கையை நீட்டினாள்.

"தொட்டுப் பாருங்கக்கா. கொதிக்குது."

பாவாயம்மாள் தொட்டாள். கையை உடனே எடுக்கவில்லை.

கார்டு வீட்டுக்கு முழுசாகப் போக வேண்டிய கேக்கை அங்கேயே வெட்டினேன். ராமாயி தொடவில்லை. பாவாயம்மாள் ஒரு துண்டை முகர்ந்து, நாக்கில் வைத்து, நெடுநேரம் மென்றாள்.

"நல்ல மருந்தை இப்படி வீணாக்கறீங்களே சாமி" என்றாள்.

மன்னிப்பென்று எதுவும் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் கிணற்றடியில் ராமாயி ஏதோ தொடங்கியபோது, "நாந் தின்னு பாத்தனுங்க. பலகாரப் பொடிதான் அது. இனி எவளாச்சும் வாயத் தொறந்தா எங்கிட்டச் சொல்லுங்க" என்று பாவாயம்மாள் தெருவே கேட்கச் சொன்னாள். அப்படியும் சில வாய்கள் அடங்கவில்லை. சரசு குடத்தோடு போனால் இரண்டு பேர் இன்னும் பேச்சை நிறுத்திவிட்டுத்தான் பார்க்கிறார்கள்.

தை மாதம் பாவாயம்மாளின் மகளுக்குத் தலைப்பிரசவம். கடையில் கிராம்பு இல்லை, ஜாதிக்காய் ஆனைவிலை. பாவாயம்மாள் கிண்ணத்தோடு வந்தாள். "அந்தப் பொடியக் கொஞ்சங் குடுங்க. பூண்டும் கருப்பட்டியும் போட்டுக் கிளறிக்கறோம்." டப்பாவில் மிச்சமிருந்ததைக் கொட்டிக் கொடுத்தேன். சாயங்காலம் வாழையிலையில் இரண்டு உருண்டை வந்தது. "சரசுக்குங்க. காச்சல்ல கெடந்த ஒடம்பு, தேறட்டும்."

பிள்ளை பெற்றவளுக்குக் கிளறிய மருந்தைப் பிள்ளை பெறாத என் மருமகள் தின்றாள். நானும் ஒரு விள்ளல் வாயில் போட்டேன். முதலில் பூண்டு வந்தது, பின்னால் ரங்கூன் வந்தது. இரண்டில் எதை முதலில் விழுங்குவது என்று தெரியாமல் வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். மற்ற உருண்டையைச் சரசு தொடவில்லை. துணியில் முடிந்து தகரப் பெட்டியில், கப்பல் ஏற்றும்போது என் மகன் கொடுத்த போர்வைக்கு அடியில் வைத்தாள். "கெட்டுப் போகாதில்லையா அத்தை?" என்று மட்டும் கேட்டாள்.

பொடியின் அளவை நினைவிலிருந்து எழுதியிருக்கிறேன். சுக்குப் பாதியா, அதற்கும் குறைவா என்பது எனக்கு நிச்சயமில்லை. ரங்கூனில் ரொட்டிக் கடைகளில் வேலை பார்த்து வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், சரிபார்த்துத் திருத்திக் கொடுக்க வேண்டும்.