எலும்புக்கு என்ன அர்த்தம் சொல்வது

மாலை ஆறு நாற்பது. செங்கல்பட்டு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவர் ஒரு ஸ்பெயின்காரர். பட்டு வேட்டியைத் தோல் பெல்ட்டால் இறுக்கிக்கொண்டு, மேடையோரம் கிட்டாருக்குச் சுதி சேர்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையோடு மாட்ரிட்டில் ஒரே மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். அன்றைய வரவேற்பில் அவர் ஒரு பாட்டுப் பாடுவதாக ஏற்பாடு. மணப்பெண் என் தங்கை.

பாட்டுக்கு முன்னால் மைக்கில் தமிழில் அர்த்தம் சொல்லும் வேலை எனக்கு. பத்திரிகையில் வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்குகிறவன் என்பதால் கொடுத்துவிட்டார்கள். எனக்கு ஸ்பானிஷ் தெரியாது.

மதியம் அவரை மாமல்லபுரம் அழைத்துப்போய்த் திரும்பும்போது, வேனில் ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் கேட்டு வாங்கினேன். பாதி கட்டிய ஒரு வீட்டின் முன் தொங்கிய திருஷ்டிப் பூசணியைப் பார்த்துச் சிரித்தார். அவர்கள் ஊரில் ஒருத்தி ஒருவனுக்குப் பூசணிக்காய் கொடுத்தாள் என்றால், காதலை மறுத்துவிட்டாள் என்று பொருளாம். பொருத்தமான துணையைப் பாதி ஆரஞ்சு என்பார்களாம். அதுவரை எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. பிறகு பல்லவிக்கு வந்தார்.

"உன் எலும்புகளுக்காகச் சாகிறேன்."

இன்னொரு முறை கேட்டேன். தோள்பட்டை எலும்பைத் தட்டிக் காட்டினார். காதல்தான், வேறொன்றுமில்லை, எங்கள் ஊரில் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள் என்றார்.

வேறு வீடாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். மாப்பிள்ளையின் அப்பா கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தக் கோடையில்தான் அவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்து, கல்யாணம் தள்ளிப்போயிருந்தது. அவருடைய மனைவி அன்று காலையிலேயே மெல்லிசைக் குழுக்காரரைக் கூப்பிட்டு, பாடப்போகும் பாட்டுகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லிக் கேட்டார். "சாவு, பிரிவு, கண்ணீர், எதுவும் மேடையில வரக்கூடாது." என் தங்கையிடமும் சொன்னார்: "நீ வந்த நேரம் அவருக்கு நல்லா இருக்கணும்மா."

அதுதான் என்னை உறுத்தியது. மாப்பிள்ளை அடுத்த வாரம் மாட்ரிட் திரும்புகிறார். விசா வரும்வரை தங்கை மாமியார் வீட்டில் இருக்க வேண்டும். அந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தப் பாட்டு ஞாபகத்துக்கு வரும். பதில் சொல்ல வேண்டியவள் அவள்.

குழுக்காரர் என்னைத் தூணருகே மடக்கினார்.

"சார், வெள்ளக்காரரு பாட்டுக்கு மீனிங் இன்னா சார்? அந்தம்மா காலைல எங்க பாட்ட நாலு தூக்கிட்டாங்க. இதுல எதுனா ஏடாகூடமா கீதா?"

"காதல் பாட்டுதான்."

"காதல் பாட்டுதான் சார் பேஜாரு. நம்மாளு பல்லவிக்கு ஒரு தபா சாவுறான். அத்தத்தான் தூக்கினாங்க."

பாட்டை மாற்ற முடியாது. ஸ்பெயின்காரர் பயிற்சி எடுத்து வந்தது அது ஒன்றைத்தான். பல்லவியை விட்டுவிட்டு அர்த்தம் சொல்வதும் முடியாது. நம்மிடம் இதற்கு என்ன இருக்கிறது என்று யோசித்தேன். உயிரை வைத்திருக்கிறேன் என்கிறோம். ஆசையின் அளவு அதேதான், சாவு இல்லை. செய்தி ஆசிரியர் கேட்டால்கூட இதை நியாயப்படுத்திவிடலாம். மைக்கைப் பிடித்தேன்.

"உன்மேல் என் உயிரையே வைத்திருக்கிறேன் என்று ஒருவன் பாடுகிறான்," என்றேன்.

ஸ்பெயின்காரர் நன்றாகவே பாடினார். முன்வரிசையில் கணவரின் நாற்காலிக் கையைப் பிடித்தபடி மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்திருந்தார். பல்லவி திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் அவருடைய முகத்தைப் பார்த்தேன். தலையசைத்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கியது.

மாப்பிள்ளை மைக்கை வாங்கினார்.

"மச்சான் ரொம்ப டீசன்ட்டா சொல்லிட்டாரு. உண்மையான அர்த்தம் அது இல்ல. உன் எலும்புக்காகச் சாகிறேன்னு அர்த்தம்!"

பின்வரிசை நண்பர்கள் விசில் அடித்தார்கள். "நல்லி எலும்பாடா மச்சான்?" என்று ஒருவன் கத்தினான். தங்கை மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை; முன்வரிசையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். "என் நெஞ்செலும்பத்தான் ஏற்கெனவே அறுத்துட்டாங்களேடா," என்று மேடையைப் பார்த்துச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். சிரிப்பிலேயே அவருக்கு இருமல் வந்தது. நெஞ்சில் கையை வைத்து அழுத்திக்கொண்டு இருமினார்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். மேடைப் பக்கம் திரும்பவில்லை. "வாங்க, சாப்பிடப் போகலாம்," என்று அவருடைய முழங்கையைப் பிடித்து எழுப்பி, பக்கவாட்டுக் கதவு வழியாகச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துப்போனார்.

முதல் பந்திக்கு அங்கே இன்னும் இலை போட்டிருக்கவில்லை.