முறிந்த இடத்துக்கு மேலே

பெரிய சிஸ்டரின் சிவப்புப் பென்சிலை நினைத்தால் எனக்கு இப்போதும் சுருக்கென்று கோபம் வருகிறது. அறுபதுகளில், கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கும் ஆட்களுக்கு நான் முதலுதவி வகுப்பு எடுத்தேன். தமிழில் நான் எழுதும் பாடங்களை ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸான அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்னால்தானே! பிடித்தால் ஒரு டிக், பிடிக்காவிட்டால் ஒரு பெருக்கல் குறி. ஏன் என்று கேட்டால், "தப்புன்னா தப்புதான் வாத்தியாரே" என்பார். எலும்பு கட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, பிறர் எழுதியதைப் பார்ப்பதில் மட்டும் அத்தனை அவசரம்.

அந்தச் சமயத்தில் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லைனைச் சேர்ந்த ஒருவர் கால் முறிந்து, சுரங்கத்தின் லிஃப்ட் கூண்டான கேஜில் மேலே வந்தார். கூட்டாளிகள் பதற்றத்தில் முறிவின் மீதே இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கடைசியில் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. இனி ஒரு கால் அப்படிப் போகக் கூடாது என்று நான் அழாத குறையாக ஒரு பாடம் எழுதினேன். 'முறிந்த இடத்துக்கு மேலேயும் கீழேயும் கட்டவும்' என்ற வரிக்குப் பெரிய சிஸ்டர் தாராளமாக டிக் போட்டார்.

எனக்கு அந்த டிக் மீது நம்பிக்கை வரவில்லை. "அச்சுக்குப் போறதுக்கு முன்னால வகுப்புக்கு ஒரு தரம் வாங்க சிஸ்டர். வாயை மட்டும் திறக்காதீங்க" என்றேன். சிரித்துக்கொண்டே வந்தார். ஒரு தொழிலாளியிடம் பாடத்தைக் கொடுத்து, அடிபட்டவர் போலப் பெஞ்சில் படுக்க வைத்திருந்த இன்னொருவரின் காலைக் கட்டச் சொன்னேன். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். பலகைத் துண்டுகளை வைத்தார். பிறகு, முறிவு என்று நான் சாக்பீஸால் கோடு போட்டிருந்த இடத்தின் மீதே துணியைச் சுற்றினார். சிஸ்டர் துள்ளி எழுந்தார். நான் கை காட்டி உட்கார வைத்தேன். அந்தத் துணிச்சல் எனக்கு எப்படி வந்ததோ!

கட்டி முடித்ததும் சிஸ்டர் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "இன்னாப்பா, அங்கயே கட்டிட்ட?"

"மேலன்னு போட்டிருக்குதே சிஸ்டர். மேலதான் கட்டனேன்."

சிஸ்டரின் முகம் மாறிவிட்டது. "எனக்குத் தெரிஞ்ச விஷயம், அதான் எனக்குச் சரியாப் பட்டுச்சு" என்று மெல்லச் சொன்னார். பாடத்தின் ஓரத்தில் முதன்முதலாக ஒரு முழு வாக்கியம் எழுதினார்: 'இதைப் படிப்பவர் முறிவின் மீதே கட்டுவார்.' எனக்கு வேண்டியிருந்தது அதுதான். 'முறிவின் மீது கட்டாதே. இடுப்புப் பக்கம் தள்ளி ஒன்று, பாதத்தின் பக்கம் தள்ளி ஒன்று' என்று மாற்றினேன். அதே ஆள் மறுபடியும் கட்டினார். இந்த முறை கைதட்டியதில் சிஸ்டர்தான் முதல்.

அதன்பின் டாக்டர்களையும் அவர் விடவில்லை. "நல்லா இருக்குதுன்னு சொல்லி அனுப்பாதீங்க டாக்டர். படிக்கிற ஆளு இன்னா தப்பு பண்ணுவான்னு சொல்லுங்க" என்று அவர்களை வகுப்பில் கொண்டுவந்து உட்கார வைப்பார்.

சில மாதங்களில் இன்னொருவர் கால் முறிந்து மேலே வந்தார். சிஸ்டர் ஆள் அனுப்பி என்னை வரவழைத்தார். முறிவை விட்டுத் தள்ளி, பக்கத்துக்கு ஒன்றாகக் கூட்டாளிகள் போட்ட இரண்டு கட்டுகள். "பாருங்க வாத்தியாரே, நம்ம பாடம்!" என்றார்.

அன்று கால் முறிந்து வந்த அந்த மனிதர் இன்று பென்ஷன்காரர். சென்ற மாதம் ஊரிகம் ஸ்டேஷனில் ரயில் நகரத் தொடங்கியதும், பேத்தியைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டி ஓடி ஏறிவிட்டார். ரயிலை விட்டுவிட்டு நான் பிளாட்பாரத்தில் நின்றேன், சிரித்துக்கொண்டு.