செவ்வாய்க்கிழமைக் கட்டு

ஒரு தாத்தாவின் காலில் நான் போட்ட கட்டுத் துணியின் ஓரத்தில் நீல மையில் ‘செவ்வாய்’ என்று எழுதியிருந்தது. நான் அதைப் பார்த்தது வெள்ளிக்கிழமை காலை. நோட்டிலோ புதன், வியாழன் இரண்டு நாளும் கட்டு மாற்றியதாக என் கையெழுத்து இருந்தது. வசமாக மாட்டிக்கொண்டேன். எழுதியவர் அடுத்த கட்டிலில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி, ஒன்றும் தெரியாதவர் போல உட்கார்ந்திருந்தார்.

2005இல் மரக்காணத்தை ஒட்டிய ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருந்தேன். கட்டில் எழுதிய அந்தப் பெரியவர் பல வருஷம் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தவர். இல்லத்துக்கு வந்த பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. டீயில் சூடு இல்லை என்று ஒரு மனு, ஃபேன் முனகுகிறது என்று ஒரு மனு, நான் நடந்தால் சத்தம் வருகிறது என்றுகூட ஒன்று. மேட்ரன் சிரித்துக்கொண்டே டிராயரில் போட்டுவிடுவார். நான் அந்தப் பெரியவருக்கு ‘மனுக்காரர்’ என்று பெயர் வைத்திருந்தேன். அது அவருக்கும் தெரியும், உள்ளூரப் பெருமைதான்.

அவருடைய அறைத் தோழர் நேரெதிர். ஆயுள் முழுக்க உப்பளத்தில் வெறுங்காலோடு உப்பு வாரியவர், வாய் திறந்து எதுவும் கேட்க மாட்டார். இல்லத்தில் எல்லோரும் செருப்புப் போட வேண்டும் என்பது விதி. உப்புத் தண்ணீரே ஒன்றும் செய்யாத அந்தப் பாதத்தை ரப்பர் செருப்பின் வார் இரண்டே வாரத்தில் அறுத்துவிட்டது. பெருவிரல் ஓரத்தில் புண், சர்க்கரை வியாதி வேறு. தினமும் பிரித்துக் கட்டுவது என் வேலை. “வலிக்குதா தாத்தா?” என்பேன். “ஒண்ணும் இல்லம்மா, நீ போ” என்பார். ஒருநாள் அவசரத்தில் அதை நம்பி, பிரிக்காமலே கையெழுத்துப் போட்டேன். பிறகு அதுவே பழகிவிட்டது. சொல்லக் கூசுகிறது, ஆனால் அப்படித்தான் நடந்தது.

மனுக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். செவ்வாயன்று நான் கட்டிவிட்டுப் போனதும் பேனாவை எடுத்திருக்கிறார். இப்போது நான்காக மடித்த தாள் ஒன்றை நீட்டினார்.

“மொத மனு சம்பந்தப்பட்டவங்களுக்குத்தாம்மா. பதில் வரலன்னாதான் மேட்ரன் கிட்ட போவேன்.”

அதில் என்மீது ஒரு வசவும் இல்லை. ‘மேற்படி நபர் தூக்கத்தில் முனகுகிறார், கேட்டால் மறைக்கிறார். உப்பளத்தில் கால் வலி என்று சொன்னவனை மறுநாள் மேஸ்திரி வேலைக்குக் கூப்பிட மாட்டார். இங்கேயும் அதே பயத்தில் இருக்கிறார். ஆகவே அவர் சொல்வதை ஏற்காமல் புண்ணை நேரில் பார்வையிட வேண்டும்’ என்று இருந்தது.

பிரித்தேன். நாற்றம் குப்பென்று அடித்தது. விரல் கறுத்திருந்தது.

“சொல்லியிருக்கலாமே தாத்தா!” என்று கத்தினேன். கத்திய பிறகுதான் யார்மேல் தப்பு என்று உறைத்தது.

“படுத்துட்டா வச்சிக்க மாட்டீங்களே” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

உண்மைதான். நடக்க முடியாதவர்களை வைத்துக்கொள்வதில்லை என்று இல்லத்தில் இன்னொரு விதியும் இருந்தது.

மனுவையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு நானே மேட்ரனிடம் போய், போட்டதெல்லாம் பொய்க் கையெழுத்து என்று சொன்னேன். அவர் அன்று சிரிக்கவில்லை. என்னை அப்புறம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வண்டிக்கு ஆள் அனுப்பினார். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஒரு விரலை எடுத்தார்கள், பாதம் தப்பியது. எனக்குக் கடுமையான எச்சரிக்கையோடு முடிந்தது. தாத்தா திரும்பி வரும்வரை அவருடைய கட்டிலை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று மனுக்காரர் நாளுக்கொரு மனு கொடுத்தார். கடைசியில் மேட்ரனே கும்பிடு போட்டு, கட்டில் அவருக்குத்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

இன்று வேறோர் ஊரில் என் கீழே பல நர்ஸுகள் வேலை செய்கிறார்கள். யாராவது புகார் சொன்னால் முகத்தைச் சுளிக்கிறார்கள், நான் சுளித்தது போலவே. புகார் சொல்லாதவரிடம் முதலில் போங்கள் என்கிறேன். அவர்களுக்கு அது விசித்திரமாகப் படுகிறது. மனுக்காரர்மேல் எனக்கு இருந்த பிரியத்தை அவரிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை.

உப்பளத்துத் தாத்தா திரும்பி வந்த மறுநாள் கட்டைப் பிரித்தபடி, வலிக்குதா என்று வழக்கம்போலக் கேட்டேன். அவர் அடுத்த கட்டிலைப் பார்த்தார். மனுக்காரர் தலையை ஆட்டினார்.

“வலிக்குதும்மா” என்றார் தாத்தா. “ரொம்ப வலிக்குது.”

ஒருவர் வலிக்கிறது என்று சொன்னதற்கு நான் சந்தோஷத்தில் அழுதது அன்று மட்டும்தான்.

“அழுதது போதும், நோட்டுல எழுதும்மா” என்றார் மனுக்காரர். “இது அவரோட மொத மனு.”