இசக்கி பேர் சொல்லாமல் போன ஆட்டோ

என் அக்காள் இறந்த அன்று காலையில் அத்தானிடம் நான் ஒரே ஒரு காரியம்தான் கேட்டேன். எங்கள் ஊருக்கு ஆட்டோ போகும்போது அவளுடைய பெயரை இசக்கி என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் இப்போதெல்லாம் சாவுச் செய்தியை மைக் கட்டிய ஆட்டோவில்தான் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். அம்மை போன பிறகு பிறந்த வீட்டை விற்றாகிவிட்டது. ஊரில் சொந்தம் என்று யாரும் இல்லை. ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் அக்காளோடு அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைத்த நான்கு பெண்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு அவள் இசக்கி. வேறு பெயர் தெரியாது.

"ஆதார்ல உள்ள பேரைத்தான் சொல்லணும் கொழுந்தியா. வாறவங்க எல்லாம் மதிப்புள்ள ஆளுகளாக்கும்" என்றார் அத்தான்.

"ரெண்டு பேரையும் சொல்லட்டும் அத்தான். இல்லேன்னா அவளுக்க கூட்டுக்காரிகளுக்கு ஆருன்னே தெரியாது."

"செரி, செரி. சொல்லச் சொல்லுதேன்."

ஆதாரில் இருந்தது கல்யாணத்துக்குப் பிறகு அவர் வைத்த பெயர். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. நல்ல பெயர்தான், சினிமாக்காரி ஒருத்திக்கும் இருக்கிறது. எழுதினால் எனக்கு வயிறு எரியும், அவ்வளவுதான்.

இசக்கி என்ற பெயர் அவளுக்குச் சும்மா வந்ததல்ல. அவளுக்கு முன்னால் அம்மைக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. மூன்றாவது வயிற்றில் இருக்கும்போது குளத்தங்கரை இசக்கியம்மன் கோயிலில் மரத்தொட்டில் கட்டி நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிறந்ததும் கொண்டுபோய் அம்மன் காலடியில் வெறுந்தரையில் கிடத்தினார்கள். இது உன் பிள்ளை, நாங்கள் வளர்க்கத்தான் எடுத்துப் போகிறோம் என்று சொல்லித் திரும்பத் தூக்கினார்கள். அப்படித் தூக்கிய பிள்ளைக்கு வேறு பெயர் வைக்க முடியாது. ஆணென்றால் இசக்கிமுத்து, பெண்ணென்றால் இசக்கியம்மாள். நான் அவளுக்குப் பின்னால் பயமில்லாமல் பிறந்தவள், எனக்கு இஷ்டப்பட்ட பெயர் வைத்தார்கள்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் "இசக்கி" என்று கூப்பிட்டால் வகுப்புக்கு நான்கைந்து பேர் எழுந்து நிற்பார்கள். கறுத்த இசக்கி, நெட்டை இசக்கி, கடைக்காரர் வீட்டு இசக்கி என்று அடையாளம் சொல்லித்தான் பிரிக்க வேண்டும். நான் இன்றைக்கு அருமனைப் பக்கத்தில் ஒரு பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். இத்தனை வருஷத்தில் என் வகுப்பில் ஒரு இசக்கிகூட உட்கார்ந்ததில்லை. வாயில் நுழையாத பெயரையெல்லாம் எண்சாஸ்திரம் பார்த்து வைத்துக்கொண்டு வருகிறார்கள். அர்த்தம் கேட்டால் பெற்றவர்களுக்கே தெரியாது. நெட்டில் இருந்தது டீச்சர் என்கிறார்கள்.

இசக்கிக்கு அர்த்தம் உண்டு. யட்சி என்பதைத் தமிழ் இயக்கி ஆக்கியது, இயக்கியை எங்கள் ஆட்கள் இசக்கி ஆக்கினார்கள். கதையும் உண்டு. கைப்பிள்ளைக்காரி ஒருத்தியை, அவள் நம்பி வந்த ஆம்பிளையே நகைக்கு ஆசைப்பட்டுக் கள்ளிக்காட்டில் வைத்துக் கொன்றான். அவள் திரும்பி வந்து பழி தீர்த்தாள். அந்தக் கோபக்காரியைத்தான் எங்கள் பெண்கள் பிள்ளைக்குக் காவலாக வைத்தார்கள். இடுப்பில் பிள்ளையோடு நிற்கிறவளுக்குப் பிள்ளையின் அருமை தெரியும் என்று நம்பினார்கள். இதைப் பேய்ப் பெயர் என்று சொல்கிறவனை என்ன செய்வது?

அத்தான் வீட்டார் அப்படித்தான் சொன்னார்கள். கல்யாணம் பேசி முடித்து, கார்டு அடிக்கப் போகிற நேரத்தில், மாப்பிள்ளை குவைத்திலிருந்து போன் பண்ணினார். "இங்க வச்சு அவளை ஆள்காருக்க முன்னால இசக்கீன்னு விளிக்க முடியுமா? பேயோட குடும்பம் நடத்துதேன்னு சிரிப்பானுவ." அம்மை பயந்துபோனாள். "நேர்ந்து வச்ச பேரு. மாத்தப்பிடாது மக்கா" என்று கெஞ்சிப் பார்த்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கார்டில் புதுப்பெயர் வந்தது. ஊரில் பாதிப் பேர் கார்டைப் பார்த்துவிட்டு, கல்யாணம் எனக்கா அக்காளுக்கா என்று கேட்டார்கள். அண்டி ஆபீஸ் பெண்களுக்குக் கார்டு கொடுக்கவில்லை, அக்காளே நேரில் போய் அழைத்தாள்.

அக்காள் அந்தப் பெயரிலேயே குவைத்துக்குப் போனாள். பாஸ்போர்ட்டில் அந்தப் பெயர், ரேஷன் கார்டில் அந்தப் பெயர். குவைத்தில் பிறந்து வளர்ந்த மகனுக்கும் அந்தப் பெயர் மட்டும்தான் தெரியும். லீவுக்கு வந்தால் அத்தானின் நாகர்கோவில் வீட்டில் இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக அத்தான் விட்டதில்லை. ஆனால் அவள் மட்டும் சந்தைக்கு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி அந்த நான்கு பேரையும் பார்க்கப் போவாள். ஒரு தடவை நானும் போனேன். அண்டி ஆபீஸ் வாசலில், கையெல்லாம் கறை பிடித்த ஒருத்தி தூரத்திலிருந்தே "ஏட்டி இசக்கி" என்று கூப்பிட்டதும் அக்காள் செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இந்தத் தடவை லீவுக்கு எல்லோரும் வந்திருந்தபோதுதான் அக்காள் நாகர்கோவில் வீட்டில் இறந்தாள். அன்று நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தானின் மதிப்புள்ள ஆட்கள் காரில் வந்தார்கள், மலர்வளையம் வைத்தார்கள், போனார்கள். அந்த நான்கு பேரில் ஒருத்திகூட வரவில்லை. வெயில் தாழ எடுத்துவிட்டார்கள். எனக்கு அவர்கள்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு நாள் கூலியை விட முடியாதா, இவ்வளவுதானா சிநேகிதம் என்று புருஷனிடம் சொல்லிச் சொல்லி அழுதேன்.

அடுத்த வாரம் வடசேரிச் சந்தையில் அந்தக் கறைக் கைக்காரியைப் பார்த்தேன். மரச்சீனிக் கிழங்கு வாங்கிக்கொண்டிருந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போகப் பார்த்தேன். அவளே வந்து கையைப் பிடித்தாள்.

"சொகமா மக்கா? இசக்கி லீவுக்கு வந்தாளா? இந்த மட்டம் எங்களை வந்து பாக்கவே இல்லியே."

நான் விஷயத்தைச் சொன்னேன். பை கீழே விழுந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"ஆட்டோ வந்துது. நாங்க நாலு பேரும் ஆபீஸ் வாசல்ல நின்னு கேட்டோம். என்னமோ ஒரு பேரு சொன்னான். பாவம், ஆரோ ஒருத்தின்னு சொல்லிட்டு உள்ள போயி கொட்டை உடைச்சோம் மக்கா."

அந்த இடத்தில் அத்தான் நின்றிருந்தால் சந்தை என்றும் பார்த்திருக்க மாட்டேன். செத்தவளின் பெயரைக்கூட ஒரு தடவை சொல்லவிடாத மதிப்பு என்ன மதிப்பு? என்னிடம் சரி என்று சொல்லி வாயை அடைத்துவிட்டு, ஆட்டோக்காரனிடம் வேறு சொல்லி அனுப்பியிருக்கிறார். "அடியந்திரத்துக்கு வாங்க. நாலு பேரும் வாங்க. நான் வாசல்ல நிப்பேன்" என்றேன்.

பதினாறாம் நாள் அடியந்திரத்துக்கு வந்தார்கள். பந்தலில் இலை போட்டுக்கொண்டிருந்த நேரம். மாலை போட்ட போட்டோவுக்கு முன்னால் போய் நின்றார்கள். முதலில் யாரும் அழவில்லை. பிறகு ஒருத்தி "ஏட்டி இசக்கி" என்று தொடங்க, நான்கு பேரும் மாரில் அடித்துக்கொண்டு அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தான் வேகமாக வந்தார்.

"கொஞ்சம் மெதுவா. ஆளுக சாப்பிடுதாங்க."

கறைக் கைக்காரி திரும்பினாள். "அவளுக்க மொகத்தை எங்களை ஒரு மட்டம் பாக்க விட்டீரா? இனி பேரையாவது விளிச்சிட்டுப் போறோம். நீரு போயி ஆளுகளை கவனியும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை.

அக்காளின் மகன் ஒன்றும் புரியாமல் என் பக்கத்தில் வந்து நின்றான். அம்மாவுக்குக் கொள்ளி வைத்த பையன், கல்யாண வயது வந்தவன்.

"சித்தி, ஆரு இந்த இசக்கி?" என்று கேட்டான்.

"ஒனக்க அம்மைக்க பேரு மக்கா."

அத்தானின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் அதைச் சொன்னேன்.