குதிரைக்குக் கட்டிய பட்டை

அபிராமபுரத்தில் வசிக்கும் ரூஹி, குதிரைக்கும் சவாரி செய்பவருக்கும் இதயத்துடிப்பைக் கணக்கிடும் பட்டைகளை வடிவமைக்கும் பொறியாளர். இரண்டாண்டு உழைப்பின் முடிவு அன்று காலை அடையாற்றுப் பயிற்சித் திடலில் தெரியவிருந்தது.

ஓட்டம் முடிந்து பத்து நிமிட ஓய்வுக்குள் துடிப்பு அறுபதுக்குக் கீழே இறங்காத குதிரை போட்டிக்குப் போகாது என்பது பயிற்சியாளர் நந்தகுமாரின் விதி. பத்து நிமிடம் கழிந்தும், குதிரைமேல் கட்டிய பட்டையோடு இணைந்த கைபேசித் திரையில் எண்பத்தெட்டு அசையாமல் நின்றது.

"நாளைக்கு இந்தக் குதிரை வேணாம், டயானா. நல்லவேளை, பட்டை காட்டிக் குடுத்துச்சு. எல்லாக் குதிரைக்கும் வாங்கிடலாம்," என்றார் அவர்.

அந்தக் குதிரையில் சவாரி செய்யும் ஊரூர்க் குப்பத்து டயானாவுக்கு மறுநாள் நடப்பதுதான் முதல் போட்டி. "இன்னாக்கா இது? குதிர ஜம்முனு கீது. உன் பட்டைக்குத்தான் ஜொரம்!" என்று ரூஹியிடம் சீறினாள்.

ரூஹி குதிரையின் இடது முன்னங்காலுக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ஒரு நிமிடம் எண்ணினாள். நாற்பத்து நான்கு, சரியாகப் பாதி. சோதனைக்குக் குதிரை அரிதாகவே கிடைத்ததால், மாதக்கணக்கில் தன் மார்பிலேயே பட்டையைக் கட்டிப் பார்த்திருந்தாள். ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் எழும் இன்னொரு மின்னலை மனிதரிடம் சிறியது, குதிரையிடம் பெரியது. பட்டை அதையும் துடிப்பாக எண்ணிவிட்டது.

நந்தகுமார் வண்டியை நோக்கி நடந்துகொண்டிருந்தார். பேசாமலிருந்தால் பட்டை விலைபோகும். டயானா போட்டியை இழந்து வீட்டுக்குப் போவாள்.

"சார், நில்லுங்க. குதிரை நல்லாத்தான் இருக்கு. தப்பு என் பட்டையில."

அவர் திரும்பி வந்து தாமும் எண்ணினார். "டயானா, காலைல ஆறு மணிக்கு வந்துடு," என்றவர், பட்டையைக் கழற்றி ரூஹியின் கையில் கொடுத்தார்.