ஏற்றுவதற்கு முன்னால் ஒரு போன்

போன வாரம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் வெங்காய வியாபாரி ஒருத்தர் என்னைப் பிடித்துக்கொண்டார். குன்னத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்தான். அவருக்கு யாரோ ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தினம் அதில் விலையை மாற்ற வேண்டுமாம்.

"ஏம்மா, இதைத் திருத்த எந்த சாஃப்ட்வேர் நல்லது?"

"நோட்பேட் போதுங்க. கம்ப்யூட்டரோடயே வரும். மேல ஏத்தறதுக்கு மட்டும் ரெண்டு கட்டம் இருக்கிறதா ஒண்ணு வச்சுக்குங்க. இடது பக்கம் உங்க கம்ப்யூட்டர், வலது பக்கம் சைட்டு. இங்கேருந்து அங்க இழுத்து விடணும்."

"அது ரெண்டு வேலையாச்சே. சேவ் குடுத்தா நேரா போயிடற மாதிரி இருக்காமே?"

"இருக்குங்க. அது வேணாம்."

"ஏன்?"

பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன். நின்றுகொண்டு சொல்கிற பதில் இல்லை அது. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் உட்கார்ந்துதானே படிக்கிறீர்கள்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா மடியில் ஒரு ஃப்ளெக்ஸ் சுருள் வைத்திருந்தார். அப்போதுதான் அடித்தது. மை காயாத வாசம். எல்லாரும் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கு அது வேலைக்குப் போன புதிதில் பழகின வாசம்.

பத்தாவது பெயில் நான். டைப்பிங் மட்டும் தெரியும். பெரம்பலூரில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் சேர்ந்தேன். முதலாளி மலேசியாவில் இருந்துவிட்டு வந்தவர். பூலாம்பாடிப் பக்கம் ஒரு கிராமம். அந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் மலேசியாவில் இருப்பார். அவர்கள் பார்ப்பதற்காக ஊர்ப் பெயரில் ஒரு சைட் நடத்தினார். மழை பெய்தது, காப்பு கட்டியது, காது குத்து, சாவு. சாவைத்தான் அதிகம் பார்ப்பார்கள்.

அதில் செய்தி போடுவது என் வேலை. எனக்கென்ன தெரியும்? நேற்றைய ஃபைலை நோட்பேடில் திறப்பேன். பெயரை மாற்றுவேன், போட்டோவை மாற்றுவேன். சுற்றி இருக்கிற குறிகளைத் தொடமாட்டேன். பாம்புப் புற்றில் கை வைக்காத மாதிரி. ஒருநாள் சேவ் பண்ணும்போது ஏதோ மாறிப்போய் தமிழெல்லாம் கேள்விக்குறியாக நின்றது. முதலாளி பார்த்துவிட்டு, "என்ன புள்ள, ஊரே உன்னைக் கேள்வி கேக்குது?" என்றார். அதற்குப் பிறகு சரியாகச் செய்தேன்.

சாவுக்கு ஒரு முறை இருந்தது. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். வெளிநாட்டில் இருப்பவனுக்கு நேரே சொல்லக்கூடாது. அவன் கூட ரூமில் இருப்பவனுக்குத்தான் முதலில் போன் போகும். அவன் இவனை உட்கார வைத்துச் சாப்பிட வைப்பான். சொல்லிவிட்டால் அப்புறம் சோறு இறங்காது. அதுவும் முதலில் "அப்பாவுக்கு ரொம்ப முடியல" என்பான். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மீதி. முடிந்ததும் கடைக்கு போன் வரும். "சொல்லியாச்சுங்க." அதுவரை நான் அடித்த செய்தி இடது பக்கக் கட்டத்தில் கிடக்கும். போன் வந்த பிறகுதான் வலது பக்கம் இழுத்து விடுவேன். சில நாள் மதியம் ஆரம்பித்து பொழுது சாய்கிறவரை காத்திருப்பேன்.

முதலாளிக்கு இது தாமதமாகப் பட்டது. திருச்சியில் யாரோ சொல்லி ஒரு புது சாஃப்ட்வேர் போட்டார். சைட்டில் இருக்கிற ஃபைலை நேராகத் திறக்கலாம். சேவ் பண்ணினால் அங்கேயே மாறிவிடும். நம் கம்ப்யூட்டரில் எதுவும் தங்காது. கலர் கலராக இருந்தது. எனக்கும் பிடித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அப்போதெல்லாம் கரண்ட் போய்ப் போய் வரும். கடையில் யாருக்கும் கை சும்மா இருக்காது. நாலு எழுத்து அடித்தால் சேவ். விளக்கு மினுக்கினால் சேவ்.

மக்காச்சோள குடோனில் மூட்டை தூக்கின காளிமுத்து என்று ஒருத்தர். நுரையீரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். மருமகன் கடைக்கு வந்தார்.

"வூட்டுக்குக் கொண்டாந்துட்டோம். நெனவு இல்ல. விடியறதுக்குள்ள முடிஞ்சிரும்ங்கறாங்க. சைட்டுக்கு ரெடி பண்ணி வச்சிருங்க."

முன்கூட்டியே சொல்லி வைப்பது வழக்கம்தான். அவர் செல்போனில் இருந்த போட்டோவைக் கொடுத்தார். வெள்ளைத் துண்டு போட்டு, லேசாகச் சிரித்தபடி காளிமுத்து. நான் அடித்துவிட்டுச் சாப்பிடப் போனேன். முதலாளி உட்கார்ந்து போட்டோவைச் சரி பண்ணினார். விளக்கு மினுக்கியது. அவர் கை பழக்கத்தில் சேவ் பட்டனை அமுக்கியது.

நான் திரும்பி வரும்போது மலேசியாவிலிருந்து போன். காளிமுத்து மகன் சேகரின் ரூம்காரர்.

"என்னங்க, எங்களுக்குச் சொல்லாமயே போட்டுட்டீங்க? அவன் பாத்துட்டான். தட்டுல சோறு அப்படியே கெடக்கு."

முதலாளி எழுந்துவிட்டார். "அய்யோ, உசுரோடதான்யா இருக்கார்" என்றார். நான் ஓடிப்போய் அழித்தேன். உடனே போய்விட்டது. போடுவதும் சுலபம், அழிப்பதும் சுலபம்.

மருமகன் சேகரிடம் பேசினார். "மச்சான், சத்தியமா மாமா உசுரோட இருக்கார்."

"முதல்ல அப்படித்தான் சொல்லுவீங்க. நானும் நாலு பேருக்கு அப்படிச் சொன்னவன்தான்."

போனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னார் சேகர். நினைவில்லாதவர் என்ன பேசுவார்? அதோடு சேகர் போனை அணைத்துவிட்டார்.

வேலை செய்த ஆலையில் லீவு தரவில்லை. சண்டை போட்டு பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். காரியத்துக்குப் பிந்திவிடும் என்று அங்கேயே மொட்டை அடித்து, மீசையையும் எடுத்துவிட்டார். திருச்சியில் இறங்கி, வாடகைக் காரில் ஊருக்கு வந்தார். வாசலில் பந்தல் இல்லை. உள்ளே காளிமுத்து சுவரில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். முதல்நாள்தான் கண் திறந்திருந்தார்.

மகன் தலையைப் பார்த்தார்.

"யாருக்குடா மொட்டை?"

"வேண்டுதல்ப்பா."

"மீசையுமா?"

சேகரின் அம்மா எழுந்து வெளியே போய்விட்டதாம். மருமகன்தான் வந்து சொன்னார். முதலாளியும் நானும் பார்க்கப் போனோம். காளிமுத்து என்னைக் கிட்டக் கூப்பிட்டார். மூச்சுவிட்டு மூச்சுவிட்டுப் பேசினார்.

"என்னைப் போட்டீங்களாமே. படம் நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சுங்கய்யா."

"இருக்கட்டும்."

அதற்குப் பிறகு சில மாதம் இருந்தார். ஆலையில் சேகரைத் திரும்பச் சேர்க்கவில்லை. அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிக்கு டிரைவராகப் போனார். காளிமுத்து நிஜமாகவே இறந்த அன்று சேகர் லோடோடு இருந்தார். தலைமுடி அப்போதுதான் சீப்பு பிடிக்கிற அளவு வளர்ந்திருந்தது. மறுபடி எடுத்தார்.

சைட்டில் போடலாமா என்று நான் ஆள்விட்டுக் கேட்டேன். "வேணாம்னு சொல்லுங்க. அதான் ஒருக்கா போட்டாச்சே" என்று சேகர் சொல்லிவிட்டார்.

முதலாளி அந்த சாஃப்ட்வேரை எடுத்துவிட்டார். மறுபடி நோட்பேட், மறுபடி ரெண்டு கட்டம். ஆனால் அவருக்குச் சைட்டில் மனசு இல்லை. கொஞ்ச காலத்தில் கடையையும் மூடினார். சைட்டுக்குப் பணம் கட்ட ஆளில்லை. இப்போது அந்தப் பெயரைத் தட்டினால் ஏதோ ஒரு நாட்டுச் சீட்டாட்டம் வருகிறது. வாட்ஸ்அப் குரூப்பில் சாவு வந்துவிடுகிறது, செத்தவருக்கு வாய் கட்டுவதற்கு முன்னாலேயே. யாரும் யாருக்கும் போன் செய்வதில்லை.

ரெண்டு மாதம் முன்னால் சேகர் என் கடைக்கு வந்தார். ஜெராக்ஸுக்கு என்று நினைத்தேன்.

"அக்கா, அன்னிக்குப் போட்டீங்களே, அப்பா படம். அது இருக்கா?"

"வூட்ல இல்லியா?"

"மச்சான் செல்லு தொலஞ்சிருச்சுக்கா. வேற படம் எதுவும் அவரு சிரிச்ச மாதிரி இல்ல."

முதலாளி கடையை மூடியபோது நான் எடுத்து வந்த நோட்பேட் காலத்து ஃபைல்கள் இன்றும் என்னிடம் இருக்கின்றன. அந்த ஊரில் செத்தவர்கள் வரிசையாக, போட்டோவோடு. அதில் காளிமுத்து இல்லை, நேராகச் சைட்டில் ஏறினவர். அங்கேயே அழித்தது என் கை.

"இல்லப்பா."

"பரவால்லக்கா."

சட்டைப்பையிலிருந்து அப்பாவின் ஓட்டர் கார்டை எடுத்தார். அதையே பெரிசு பண்ணித் தரச் சொன்னார். பண்ணினேன். கண்ணும் மூக்கும் கரும்புள்ளிகளாக வந்தன. இன்னும் கொஞ்சம் தெளிவாக வருமா என்று கேட்டார். வராது என்றேன். லேமினேஷன் போட்டு வாங்கிக்கொண்டு போனார்.