நான் செம்பு என்று சொன்ன காசு

புதுக்கோட்டையில் என் வெள்ளிக்கடைக்கு வந்து யாரும் என்னை ஏமாற்றிவிட முடியாது. கொலுசைக் கையில் வாங்கும்போதே அதன் தரம் தெரிந்துவிடும். என் மனைவி இதைத் தற்பெருமை என்பாள். நான் அனுபவம் என்பேன்.

திருமயம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். விவசாயக் குடும்பம், மகளுக்கு மறுவாரம் கல்யாணம். ஒரு பழைய காசைக் கொடுத்து மெருகு போட்டுத் தரச் சொன்னார். ஒரு பக்கம் நிற்கிற உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், ஓரத்தில் ஓர் உளிவெட்டு.

"பொண்ணு புகுந்த வீட்டுக்குப் போகையில முந்தானையில முடிஞ்சு விடுவோங்க. மறுவீட்டுக்கு வரும்போது காசு திரும்பி வந்துரும். எங்க வீட்டுக்காரரோட அக்கா, அத்தைமாருக்கெல்லாம் இதத்தான் முடிஞ்சாங்க."

மெருகு போட்டுக் கொடுத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். என் கை சும்மா இருக்குமா? வெட்டு இருந்த இடத்தில் அரத்தால் லேசாக ராவினேன். உள்ளே செம்பு பல்லிளித்தது.

"இது வெள்ளியே இல்லம்மா, செம்பு. ஒங்க வீட்டுல யாரையோ அந்தக் காலத்துலேயே ஏமாத்திருக்காங்க" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. மெருகு வேண்டாமென்று காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நாலு நாள் கழித்து, வெளியூரிலிருந்து வந்த மைத்துனரைத் திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடிக்குள் அதே மாதிரிக் காசு, அதே வெட்டு. சோழர் காலத்து வெள்ளிக்காசு என்று எழுதியிருந்தது. விடுவேனா? இது செம்புதானே என்று அங்கிருந்த அலுவலரிடம் சண்டைக்கே போனேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார்: "அந்தக் காலத்துல வெள்ளி வெளிநாட்டுலேருந்து வரணும் சார். தட்டுப்பாடு வந்தா செம்பைக் கூட்டிருவாங்க. யாவாரிங்க வெட்டிப் பாத்து, தெரிஞ்சேதான் வாங்குனாங்க. ராசா முத்திரை இருந்தா சந்தையில செல்லும்."

வெள்ளியை நிறுத்தே பிழைத்த எனக்குக் காசைக் காசாகப் பார்க்கத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் தப்பைத் திருத்த இன்னும் நேரம் இருக்கிறதே என்று தெம்பாக மறுநாள் காலையில் பைக்கை எடுத்தேன். திருமயம் பக்கம் போய்க் கல்யாண வீடு எது என்று விசாரித்ததும் காட்டிவிட்டார்கள். வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான் சொன்னது தப்பும்மா. அது அசல் காசு. தாராளமா முடிஞ்சு விடுங்க" என்றேன், பரிசு வாங்கியவன் மாதிரி.

அவர் சீர்ச் சாமான்கள் பக்கம் கையைக் காட்டினார். நடுவில் ஒரு புதுச் செப்புக்குடம் இருந்தது.

"செம்புன்னு நீங்கதானே சொன்னீங்க? பழைய குடத்தோட சேத்து எடைக்குப் போட்டு இத வாங்கிட்டேன். ஏமாந்த காச மக முந்தானையில எப்படிங்க முடியுறது?"